கத்தியை எடுப்பதற்கு முந்தைய இருபது நிமிடம்: நம்ம தெருக் கதையை நாமே விளையாட்டாகச் செய்வது எப்படி

நான் முதலில் செய்த கதை படுதோல்வி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம். ஓசூரில் சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். ஒன்பதாவதிலிருந்து பாலிடெக்னிக் வரை பையன்களும் பெண்களும் வருவார்கள், பாதிப் பேருடைய அப்பா அம்மா சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒருமுறை பக்கத்து லைனில் சண்டை, பைக் கண்ணாடி உடைந்த விவகாரம்தான், ஆனால் கடைசியில் ஒரு பையனுக்குத் தொடையில் பன்னிரண்டு தையல். அடுத்த வாரமே உட்கார்ந்து, போனில் தட்டித் தட்டி விளையாடும் கதை ஒன்று எழுதினேன். ‘அவன் உன்னை முறைக்கிறான். அ) அடி. ஆ) பொறுமையாக இரு.’ அடித்தால் ஜெயில், பொறுத்தால் நல்ல வேலை, முடிவில் அரைப் பக்க அறிவுரை. எட்டுப் பேர் விளையாடினார்கள். எட்டுப் பேரும் இரண்டே நிமிடத்தில் ‘ஆ’வைத் தட்டி முடித்துவிட்டார்கள், அதில் ஒருத்தன் முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேட்டான்: "அண்ணா, இதுக்கு மார்க் உண்டா?"

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சரியான பதில் எதுவென்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டால் அது கதையே இல்லை, பரீட்சைத் தாள். பரீட்சைத் தாளில் எல்லோருமே காந்திதான்.

அதற்கப்புறம் மூன்று கதை செய்துவிட்டோம், ஒவ்வொன்றிலும் ஏதாவது சொதப்பித்தான் கற்றோம். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இதே மாதிரி பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள், ஆசிரியர்கள், நூலகர்கள், கூத்துக்காரர்கள், சும்மா அக்கறை உள்ள அண்ணன் அக்காக்கள், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் முறையை எழுதி வைக்கிறேன். விளையாடும் கதை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. திரையில் ஒரு துண்டுக் கதை வரும், கீழே இரண்டு மூன்று பொத்தான் இருக்கும், எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ற அடுத்த துண்டு வரும். கோடிங் தெரிய வேண்டாம், காசும் வேண்டாம். கடன் வாங்கிய லேப்டாப் ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போதும்.

யாரை நாயகனாக வைப்பது

கத்தி பிடிக்கிறவனை வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இதுதான், நானும் செய்தேன். ஒரு சண்டையில் கத்தி எடுப்பவன் ஒருத்தன், ஆனால் அதைச் சுற்றி முப்பது பேர் இருக்கிறார்கள். பைக் சாவியைக் கொடுத்தவன் இருப்பான், "சும்மாவா வுட்ட?" என்று கேட்டவன் இருப்பான், வீடியோ எடுத்தவன், அதை ஸ்டேட்டஸ் வைத்தவன், மாடியிலிருந்து பார்த்த தங்கச்சி, கல்லாவில் இருந்த டீக்கடை அண்ணன் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் கதையை விளையாடப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த முப்பதில் ஒருத்தர்தான். ‘நீ ஒரு ரவுடி’ என்று கதை தொடங்கினால் அது வேறு யாருக்கோ நடக்கும் சினிமா ஆகிவிடுகிறது. ‘சாவி உன் கையில்’ என்று தொடங்கினால் தப்பிக்க முடியாது.

எந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டாலும் "திடீர்னு ஆயிடுச்சு" என்பார்கள். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து நூலைப் பிரித்தால் திடீரென்று எதுவும் நடந்திருக்காது. அதற்கு இருபது நிமிடம், சில நேரம் இரண்டு நாள் முன்னாலேயே ஐந்தாறு பேர் ஐந்தாறு சின்ன விஷயம் செய்திருப்பார்கள், அல்லது செய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த ஐந்தாறும்தான் உங்கள் பொத்தான்கள்.

சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்று ஒரு தொற்றுநோய் மருத்துவர். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ், காலரா வேலையெல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், துப்பாக்கிச் சூடு எங்கெங்கே நடக்கிறது என்ற வரைபடத்தைப் பார்த்தபோது அது நோய் பரவும் படம் மாதிரியே இருக்கிறதே என்று யோசித்தார். 2000-ல் அந்த நகரத்தின் வெஸ்ட் கார்பீல்டு பார்க் பகுதியில் வேலையைத் தொடங்கினார். அவர் கண்ட சாரம் எளிமையானது: ஒரு அடி அடுத்த அடியைப் பெற்றெடுக்கிறது, ஆகவே பதிலடி கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தெரு மதிக்கிற ஒருத்தர் போய் நடுவில் நிற்க வேண்டும். போலீஸ் வருவதற்கும் முன்னால், அந்தப் பையன்களின் பேச்சுமொழி தெரிந்த ஆள். கதை செய்யும்போது இதை மனதில் வைத்திருங்கள். முதல் அடியை விடப் பதிலடிக்கு முந்தைய நேரத்தில்தான் கதைக்குச் சதை அதிகம்.

இன்னொருவர் பிரேசிலின் அகஸ்டோ போவால், நாடகக்காரர். கெட்டதாக முடியும் ஒரு காட்சியை நடித்துக் காட்டிவிட்டு, மறுபடி அதையே முதலிலிருந்து நடிப்பார்கள், இந்தத் தடவை பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் 1985-ல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழு இதைக் கிராமங்களில் செய்துவருகிறது. நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதான், மேடைக்குப் பதில் போன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. துரியோதனன் சாகும் படுகளத்தன்று அவனுடைய மண் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும், பெண்கள் துடைப்பத்தை எடுத்து அடிப்பார்கள், பார்க்க வந்த சனம் கதைக்குள் இறங்கிவிடும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ராஜாவையும் கிண்டல் பண்ணுவான், முன் வரிசையில் தூங்குகிற பெரியவரையும் எழுப்புவான். உங்கள் கதையைச் சொல்கிற குரல் அந்தக் கட்டியக்காரன் குரலாக இருக்கட்டும். அவன் யாருக்கும் புத்தி சொல்லமாட்டான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான்.

கதை எங்கிருந்து வரும்

உங்கள் தலையிலிருந்து வரக் கூடாது. ஆறிலிருந்து பத்துப் பேர் உட்காருங்கள், பதினைந்து வயதிலிருந்து இருபது வயது வரை, அந்தத் தெருக்காரர்கள். பெரிய சார்ட் பேப்பரில் தெருவை வரையச் சொல்லுங்கள். டீக்கடை, பேருந்து நிறுத்தம், மைதானம், டாஸ்மாக், கோயில், மசூதி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் வரும். அப்புறம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து ‘எந்த இடத்தில் எத்தனை மணிக்கு மேல் போகமாட்டாய்?’ என்று மட்டும் கேளுங்கள். எங்கள் குழுவில் பையன்கள் மைதானத்தின் ஒரு மூலையைக் குறித்தார்கள், பெண்கள் ஒரு சந்து முழுவதையுமே சிவப்படித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள், அது பட்டப் பகலில் நாங்கள் எல்லோரும் நடக்கிற சந்து. பையன்கள் அன்றைக்குத்தான் அதைக் கேள்விப்படுகிறார்கள்.

கேட்கக் கூடாத கேள்வி: "நீ யாரையாவது அடிச்சிருக்கியா?" வாக்குமூலம் வாங்குவது நம் வேலை இல்லை, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? கேட்க வேண்டியது: "அப்போ பக்கத்துல யார் இருந்தாங்க? என்ன சொன்னாங்க? யார் போன் பண்ணாங்க? யாராவது ஒருத்தர் வேற மாதிரி பண்ணியிருந்தா நின்னிருக்குமா?" கடைசிக் கேள்விக்கு முதலில் "நின்னிருக்காது" என்றுதான் பதில் வரும். ஐந்து நிமிடம் விட்டுப்பிடியுங்கள்.

நடந்த சம்பவத்தை அப்படியே கதையாக்காதீர்கள். இரண்டாவது கதையில் நான் இந்தத் தப்பைச் செய்தேன். பெயர் மாற்றியிருந்தேன், ஊர் மாற்றியிருந்தேன், ஆனால் அந்தப் பையனின் பச்சை ஹெல்மெட்டை அப்படியே விட்டுவிட்டேன், தெரு முழுக்க ‘இது அவன்தானே’ என்று பேச ஆரம்பித்துவிட்டது, அவன் அம்மா வந்து வாசலில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிரவே அழித்தேன். இப்போது மூன்று வேறு சம்பவங்களைக் கலந்து ஒன்றாக்கித்தான் எழுதுகிறோம். இதில் சட்டமும் இருக்கிறது: வழக்கில் சம்பந்தப்பட்ட 18 வயதுக்குக் கீழ் உள்ளவர், குற்றம் சாட்டப்பட்டவரோ பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ, அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். பெயர், பள்ளி, வீடு, போட்டோ எதுவும் கூடாது.

அதே மாதிரி, நம் பகுதியின் பெரிய ரணங்களை விளையாட்டாக்காதீர்கள். 2000 பிப்ரவரி 2-ம் தேதி தர்மபுரி இலக்கியம்பட்டியில் கும்பல் வைத்த தீயில் பேருந்து எரிந்து மூன்று கல்லூரி மாணவிகள் இறந்ததையும், 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்ததையும் பொத்தான் தட்டும் கதையாகச் செய்ய எனக்குக் கை வரவில்லை, உங்களுக்கும் வரக் கூடாது என்பேன். அந்தக் குடும்பங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் கும்பலில் ஒருத்தனாக நிற்கும்போது ஒரு ஆளுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், கதை வேறாக இருக்கட்டும்.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் வரும். நம் ஊரில் ஒரு பெயரைச் சொன்னதும் மதம் தெரிந்துவிடும், சில நேரம் அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்தால் சாதியும் தெரிந்துவிடும், உடனே விளையாடுகிறவன் ‘நம்மாளா, அவனுங்களா’ என்று பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதனால் பட்டப்பெயர் வைத்தோம்: கோலி, பல்பு, அரைடிக்கெட். எப்படியும் நிஜத்தில் அவர்கள் ஒருத்தரையொருத்தர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சாதிச் சண்டை பற்றியே கதை செய்கிறீர்கள் என்றால் இப்படி மறைப்பது கோழைத்தனம், அப்போது நேராகவே எழுதுங்கள், எழுதுமுன் அடி வாங்குகிற பக்கத்து ஆட்களை முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

எழுதும் விதம்

எங்கள் மூன்றாவது கதையின் முதல் துண்டு இது, கீழே அதன் மூன்று பொத்தான் (அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது பொத்தானில் தெரிவது, பின்னால் இருப்பது அடுத்த துண்டின் பெயர்):

‘சனிக்கிழமை, சாயங்காலம் ஆறரை. டீக்கடை. உன் பைக் சாவி டேபிள் மேல் கிடக்குது. கோலி வேகமா வர்றான், சட்டையில ஒரு பட்டன் இல்ல. "மச்சான், சாவியக் குடு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்." அவன் கை நடுங்குது. எங்கேன்னு நீ கேக்கல. உனக்கே தெரியும்.’

[[சாவியை நீட்டு->தனியாகப் போனான்]]
[["பெட்ரோல் இல்ல மச்சான்"->டேங்கைத் திறந்தான்]]
[["வா, நானே ஓட்டறேன்"->பாகலூர் சாலை]]

மூன்றில் எது நல்லது? எனக்கும் தெரியாது, அதுதான் வேண்டும். சாவி கொடுத்தால் அவன் தனியாகப் போய் அடி வாங்கலாம். பொய் சொன்னால் நட்பு போகலாம், அவன் வேறு வண்டி தேடும் நேரத்தில் கோபம் அடங்கவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். கூடப் போனால் வழியில் பேசி நிறுத்தலாம், அல்லது நீயும் வழக்கில் சேரலாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு விலை இருக்க வேண்டும், முக்கியமாக நல்ல பொத்தானுக்கு. சண்டையிலிருந்து விலகி நின்றவனை மறுநாள் ‘பயந்தாங்கொள்ளி’ என்று குரூப்பிலிருந்து தூக்குவார்கள், இது நிஜத்தில் நடப்பது, கதையில் அதை மறைத்தால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். அந்த அவமானத்தை எப்படித் தாங்குவது, மானம் போகாமல் எப்படி நழுவுவது, இதைத்தான் அவர்கள் கதையில் தேடுகிறார்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரி போகணும்" என்பது மாதிரி முகம் கெடாமல் நழுவும் வழிகளை எங்கள் பிள்ளைகள் பதினொன்று எழுதிக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இரண்டு வந்திருக்கும்.

பொத்தானில் ‘சமாதானமாகப் பேசு’ என்று எழுதாதீர்கள். என்ன பேசுவது என்பதுதான் பிரச்சினையே. வாயில் வரும் வார்த்தையை அப்படியே பொத்தானாக வையுங்கள். விவரிப்பும் பாடப்புத்தகத் தமிழில் வேண்டாம். ஓசூர்ப் பிள்ளைகள் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்துதான் வரும், வரட்டும். கெட்ட வார்த்தையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் எடுத்தால் பொம்மைச் சண்டை மாதிரி ஆகிறது, எல்லாவற்றையும் வைத்தால் பள்ளியில் காட்ட முடியாது. நாங்கள் ‘அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான்’ என்று எழுதினோம். அது போதுமென்று பையன்களே சொன்னார்கள், எந்த வார்த்தை என்று அவரவருக்குத் தெரியும்.

தமிழில் ஒரு வசதி உண்டு. ‘நீ போகிறாய்’ என்பதில் ஆணா பெண்ணா என்று தெரியாது, ஆகவே ‘நீ’ என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் உட்காரலாம். ஆனால் யாராவது ஒருத்தன் ‘டா’ போட்டதும் கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் பெண்கள் இதைத்தான் கேட்டார்கள், "உங்க கதைல நாங்க எங்க அண்ணா?" மேலே உள்ள ‘மச்சான்’ போதாதா அவர்களை வெளியே தள்ள. அப்புறம் அவர்களே அதே சனிக்கிழமையை வீட்டிலிருந்து எழுதினார்கள். அண்ணன் பையில் எதையோ செருகுவதைத் தங்கச்சி பார்க்கிறாள். அம்மாவிடம் சொல்லலாம், பையை ஒளிக்கலாம், அண்ணனையே கேட்கலாம். அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? வீட்டில் ரகளை, அண்ணன் வெளியே ஓடிவிடுகிறான், ‘இனிமே நீயும் எங்கேயும் போகக் கூடாது’ என்று அவள் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். இந்தத் துண்டை எழுதியவள் பதினாறு வயசு, எங்களிடமிருக்கும் துண்டுகளில் இதுதான் ஆகச் சிறந்தது என்பது என் கட்சி.

இன்னொரு கருவும் தருகிறேன், ஓசூர், தர்மபுரி எங்கும் பொருந்தும்: வதந்தி. 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கும்பல் அடித்ததில் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். அந்த வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து அரட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, சிப்காட் பக்கம் ஒரே லைன் வீட்டில் பல வருடமாக ஒன்றாக இருந்தவர்களே ஒருத்தரையொருத்தர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ‘மாமா ஒரு வீடியோ அனுப்பியிருக்கார், குடும்பக் குரூப். அனுப்பவா, கேட்கவா, சும்மா இருக்கவா?’ பெரிய மாமாவை எல்லோர் முன்னாலும் "இது உண்மையா?" என்று கேட்பது நம் குடும்பங்களில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கஷ்டத்தைச் சுற்றியே முழுக் கதையும் கட்டலாம்.

கிளை எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, அப்படி ஐந்து முறை பிரிந்தால் 32 முடிவு, மொத்தம் 63 துண்டு எழுத வேண்டும், பாதியில் விட்டுவிடுவீர்கள். பிரித்துப் பிரித்து மறுபடி ஒன்று சேருங்கள். யார் எப்படி வந்தாலும் எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று வைத்தால் பதினைந்து இருபது துண்டில் முடிந்துவிடும். துண்டு ஒன்றுக்கு நாற்பது ஐம்பது சொல் போதும், போன் திரையில் அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. முதலில் எல்லாவற்றையும் அட்டைத் துண்டுகளில் எழுதித் தரையில் பரப்பி, நூல் போட்டு இணைத்து, கையாலேயே விளையாடிப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

போனுக்குள் கொண்டுபோவது

இது சுலபம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதல் கதைக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். ஒவ்வொரு துண்டும் ஒரு பகுதி, ஒவ்வொரு தேர்வும் பல்விடைக் கேள்வி. கேள்விக்குக் கீழே மூன்று புள்ளியை அழுத்தினால், விடையைப் பொறுத்து எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று வைக்கும் வசதி வரும். கேள்வியைக் கட்டாயம் என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதையும் தொடாமல் அடுத்ததை அழுத்தி எங்கேயோ போய் விழுவார்கள். மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்தி வையுங்கள், யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பெயரோடு நம்மிடம் இருக்கவே கூடாது.

கொஞ்சம் பழகியதும் ட்வைன். கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-ல் வெளியிட்ட இலவச மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும், கம்ப்யூட்டரில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். மேலே நான் காட்டியது போல் இரட்டைச் சதுர அடைப்புக்குள், முதலில் பொத்தானில் தெரிய வேண்டியது, அம்புக்குறி, அப்புறம் அடுத்த துண்டின் பெயர் என்று தமிழிலேயே எழுதினால் அடுத்த துண்டு தானாக உருவாகும். முன்னால் எடுத்த முடிவைக் கதை ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னால் பழிவாங்கவும் செய்யலாம். ஆறரை மணிக்கு நீ வீடியோ எடுத்திருந்தால் ஒன்பது மணிக்கு அந்த வீடியோ உன்னைத் தேடி வரும், அதற்கு மாறிகள் என்ற வசதியைக் கொஞ்சம் படிக்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று: பிரவுசரில் எழுதினால் கதை அந்தப் பிரவுசருக்குள்தான் இருக்கும், யாராவது பிரவுசிங் டேட்டாவை அழித்தால் கதையும் போச்சு. எங்களுடையது ஒருமுறை அப்படிப் போனது, கடன் கொடுத்தவர் லேப்டாப்பைச் ‘சுத்தம்’ செய்து வைத்திருந்தார். தினமும் எழுதி முடித்து எழுந்திருக்கும்போது கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை ஒட்டினால் கிறுக்கல்தான் தெரியும், யூனிகோடில் அடியுங்கள்.

முடித்த கதை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக வரும். இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றி இணைப்பை அனுப்பலாம். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் சேருங்கள், போனிலேயே பதிவுசெய்து எம்பி3 ஆகச் சுருக்கினால் ஒரு நிமிடக் குரல் அரை எம்பிக்குள் அடங்கும். படம் வேண்டுமென்றால் பிள்ளைகள் வரையட்டும். நிஜத் தெருவையோ நிஜ முகத்தையோ போட்டோ எடுத்துப் போடாதீர்கள், பச்சை ஹெல்மெட் ஞாபகம் இருக்கட்டும்.

கூட்டமாக விளையாடுவது

தனியாகப் போனில் விளையாடினால் மூன்று நிமிடத்தில் முடியும், மறந்தும் போகும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு டிவியைச் சுற்றி உட்கார்ந்தால் அதே கதை ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒருத்தர் சத்தமாகப் படிக்க வேண்டும், கட்டியக்காரன் மாதிரி. பொத்தான் வந்ததும் கை தூக்கச் சொல்லாதீர்கள், கை தூக்கினால் பெரிய பையன் தூக்கும் பக்கமே எல்லாக் கையும் போகும். எழுந்து அறையின் வேறு வேறு மூலைக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள், தனியாக ஒருத்தன் நின்றால் அவனை முதலில் பேசவிடுங்கள். சண்டை போடட்டும், வாயால்தானே. முடிவு மோசமாக வந்தால் நிறுத்தி, "எந்த இடத்துக்குத் திரும்பிப் போலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடம் ஒவ்வொரு தடவையும் நான் நினைத்ததற்கு முந்தைய இடமாகவே இருக்கிறது.

நேரம் பார்த்து வையுங்கள், ஷிப்ட் மாறும் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் இரண்டு தடவை போலீஸ், கவுன்சிலர், பெற்றோர் யாரும் வேண்டாம், வந்தால் எல்லோரும் மறுபடி ‘ஆ’வைத் தட்டுவார்கள். பள்ளி ஹைடெக் லேபில் செய்ய விரும்பினால் தலைமை ஆசிரியரிடம் முழுக் கதையையும் முன்னாலேயே காட்டிவிடுங்கள், நடுவில் அதிர்ச்சி அடைந்து நிறுத்துவதைவிட அது மேல். யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். எங்களிடம் ஒரு பெண் இரண்டாவது துண்டிலேயே அழுதுவிட்டாள், கதையில் வந்த பாத்ரூம் கதவு அவள் வீட்டுக் கதவு. அந்த மாதிரி நேரத்தில் நாம் டாக்டர் ஆகிவிடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, உதவிக்கு அழைக்கும் எண்ணைக் காட்டுங்கள்: 18 வயதுக்குள் என்றால் 1098, பெண்களுக்கு 181, மனசு தாங்காதபோது பேச 14416, உடனடி ஆபத்து என்றால் 112, இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், கதையின் கடைசித் திரையிலும் போடுங்கள். உண்மையிலேயே ‘இன்னைக்கு ராத்திரி போறாங்க’ என்று யாராவது சொன்னால் கதையை மூடிவிட்டு, அந்தப் பையன்கள் மதிக்கிற ஒரு பெரியவரைப் போனில் பிடியுங்கள். ஸ்லட்கின் சொல்கிற அந்த ஆள் உங்கள் தெருவில் யார் என்று கதை தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதனால் சண்டை குறைந்ததா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை, ஒரு டியூஷன் சென்டரில் இருந்துகொண்டு அதை அளக்க முடியாது. எந்தப் பொத்தானில் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது என்று மட்டும் நோட்டில் குறித்து வைக்கிறேன், அடுத்த துண்டு அங்கிருந்துதான் பிறக்கிறது. ‘பெட்ரோல் இல்ல மச்சான்’ பொத்தானில் போன மாதம் பெரிய தகராறு. அதைத் தொட்டால் கோலி டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறான் என்று நான் எழுதியிருந்தேன். மார்க் உண்டா என்று கேட்டானே அந்தப் பையன், அவன் சொன்னான், "யாருண்ணா மூடியெல்லாம் திறப்பாங்க? சாவி வேற உங்ககிட்ட இருக்கு. வண்டியப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாப்பான், உள்ள சலசலன்னு கேட்டுடும். அப்ப அவன் உங்க மூஞ்சியப் பாப்பான் பாருங்க, அங்க இருக்கு கதை." நான் எழுதியதை அடித்துவிட்டு அவன் சொன்னதைப் போட்டாயிற்று. அதற்குக் கீழே என்னென்ன பொத்தான் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை, பப்ளிக் எக்ஸாம் முடிந்து வரட்டும் என்று விட்டு வைத்திருக்கிறோம்.